பொத்தானுக்குக் கட்டிய கண்ணாடி வீடு

கண்ணாடிக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். இதை மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது, அவரே சொல்லிவிடுவார். கடை முகப்பு, அலுவலகத் தடுப்பு, குளியலறைக் கதவு என்று இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற மனிதர். ஒரு தகட்டை விரலால் சுண்டிப் பார்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடுவார். "கண்ணாடியப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்" என்பது அவர் வாயில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வந்துபோகும். சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் ஆள் கெட்டிதான். மற்றதில்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

அவருக்கு ஒரே மகள், பத்து வயது. குறைமாதத்தில் ரொம்பச் சின்னதாகப் பிறந்ததால் 'சில்லு' என்று பட்டறை பாஷையில் ஒரு பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தாலும் வீட்டில் இதுதான் நிலைத்துவிட்டது. சில்லுவின் பத்தாவது பிறந்தநாளுக்கு அவள் அத்தை, அதாவது கண்ணாடிக்காரரின் அக்கா, ஒரு ஆமைக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீரில் வாழ்வதல்ல, தரையில் நடமாடுகிற வகை. முறையாக வளர்த்து விற்பவரிடம் சீட்டோடு வாங்கியது. உள்ளங்கையில் வைத்தால் பாதிக் கைகூட நிறையவில்லை. பெரிய கோட்டுப் பொத்தான் மாதிரி இருந்ததால் அதற்குப் பொத்தான் என்றே பெயர் விழுந்தது.

ஆமையோடு வளர்ப்புக் குறிப்பு என்று ஒரு தாளும் வந்தது. அக்கா அதைத் தம்பி கையில் திணித்து, "டேய், இதைப் படிச்சிட்டு அப்புறம் வீடு கட்டு. உன் இஷ்டத்துக்கு எதையாவது செஞ்சு வைக்காத" என்றாள். கூடப் பிறந்தவனை அவளுக்குத் தெரியாதா?

தாளில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. நேரடி வெயில் வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று விற்கிற விளக்கு வேண்டும். தரையில் கொஞ்சம் ஈரமான மண் வேண்டும். பக்கச் சுவர் வழியாக வெளியே தெரியக் கூடாது. கண்ணாடிக்காரர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அதை மடித்து அலமாரி மேல் போட்டார்.

"விளக்கு விக்கிறவன் எழுதின தாள்க்கா இது. வெயில்தானே வேணும்? நம்ம கூடத்து ஜன்னல்ல காலைல எட்டு மணிக்கு விழுற வெயில் பதினோரு மணி வரைக்கும் நகராது. அங்க வெச்சா ராஜா மாதிரி இருக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு தயாரானது. நாலடி நீளம், இரண்டடி அகலம். துணிக்கடை முகப்பு ஒன்றுக்கு வாங்கியதில் நல்ல கனமான தகடுகள் மிஞ்சியிருந்தன. மகளின் ஆமைக்கு மட்டமான கண்ணாடி போட அவருக்கு மனசு வரவில்லை. விளிம்பெல்லாம் கை கீறாமல் தேய்த்து, மூலைக்கு மூலை அலுமினியச் சட்டம் கொடுத்து, மேலே கீல் வைத்த மூடியும் கண்ணாடியிலேயே போட்டார். பின்பக்கம் காற்றுக்கு வரிசையாகத் துளை. தரையும் கண்ணாடிதான், அடியில் நீலத்தாள் ஒட்டியிருந்ததால் பொத்தான் தண்ணீர் மேல் நடப்பதுபோலத் தெரிந்தது. மண் போட்டால் அந்த நீலம் மறைந்துவிடுமே! அதனால் மண் போடவில்லை.

பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "இந்த ஆமைக்கு வந்த யோகம் எனக்கு வரலையே" என்றார். கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது. படமெடுத்துக் கடைச் சுவரில் பெரிதாக மாட்டினார். வருகிற வாடிக்கையாளர்களிடம், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், கதையைச் சொன்னார். பொத்தான் நாள் முழுக்க முன்பக்கக் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு இடமும் வலமுமாக நடந்தது. "பாருங்க, டான்ஸ் ஆடுது" என்று அதையும் படம்பிடித்து அக்காவுக்கு அனுப்பினார். வெளியே தெரிகிற இடத்துக்குப் போக வழி தெரியாமல் அது முட்டிக்கொண்டிருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

சாப்பாட்டுப் பொறுப்பு சில்லுவினுடையது. செம்பருத்தி இலை, கீரை, ஓட்டுக்கு வலு என்று அத்தை வாங்கிக் கொடுத்த கணவாய் மீன் ஓட்டுத் தூள் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாள். தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் மாற்றினாள். இதில் அவள் அப்பாவைவிடக் கறார்.

மூன்றாவது மாதம் முடிகிற சமயம், பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, ஓடு அமுங்குதுப்பா."

"குட்டி ஆமைக்கு அப்படித்தாம்மா இருக்கும். போகப் போகக் கெட்டியாகும்."

"முன்னாடி இவ்ளோ அமுங்கல."

"எனக்குத் தெரியாதா? போய் வெயில்ல விடு."

விட்டாள். அதே வெயிலில், அதே கண்ணாடிக்குள். இரண்டு வாரம் போனது. பொத்தான் நடக்கும்போது வயிறு தரையில் தேய ஆரம்பித்தது. வழுக்குகிற தரையில் பின்னங்கால்கள் இரண்டும் துடுப்பு மாதிரி பக்கவாட்டில் போயின. பிறகு முட்டிக்கொண்டு நடப்பதும் நின்றது. இலையை மூக்குக்கு முன்னால் வைத்தாலும் வாயைத் திறக்கவில்லை.

அன்று காலையில் கண்ணாடிக்காரர் மூடியைத் திறந்து பார்த்தபோது ஒரு மூலையில் வாடிக் கறுத்த வாழைப்பழத் துண்டு கிடந்தது. தாளில் பழம் கொடுக்கக் கூடாது என்று போட்டிருந்தது அவருக்கு அப்போது மட்டும் நன்றாக நினைவுக்கு வந்தது. மனிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு போட்டது இத?"

சீருடையோடு நின்றுகொண்டிருந்த சில்லு, "நான்தாம்ப்பா. எதுவும் சாப்பிட மாட்டேங்குதுன்னு... ரெண்டே தடவைதான்" என்றாள்.

"ரெண்டே தடவையா? தேதி போட்டு எழுதினியே நோட்டுல, இத எழுதினியா? கண்டதையும் போட்டுக் கொன்னுடுவ போல இருக்கே! ஒரு சின்ன ஜீவன ஒழுங்காப் பாத்துக்கத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்கு ஆமை?"

சில்லு அந்தப் பழத்துண்டை எடுத்துக் குப்பையில் போட்டாள். பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க இது, காலங்காத்தால பிள்ளைய இப்படியா பேசுவாங்க?" என்றாள். கண்ணாடிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு அட்டைப்பெட்டியில் துண்டை விரித்து, பொத்தானை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கிளம்பினார்.

மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. நாய்க்கும் பூனைக்கும் நடுவில் முறை வந்து உள்ளே போனதும், பொத்தானைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் ஓட்டின் ஓரத்தை மெல்ல அழுத்தினார். ஓடு உள்ளே போய்த் திரும்பி வந்தது. தாடையைத் தொட்டுப் பார்த்தார். எடை போட்டார். கால்களை ஒவ்வொன்றாக இழுத்து விட்டுப் பார்த்தார்.

"எதுல வெச்சிருக்கீங்க?"

கண்ணாடிக்காரர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல செல்போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். "கண்ணாடி வீடு டாக்டர். நானே கட்டினது, நாலு மாசமாச்சு. நான் கண்ணாடி வேலைதான் செய்றேன்."

"மேல மூடியும் கண்ணாடியா?"

"ஆமா டாக்டர். பூனை கீனை வந்தா ஆபத்தில்லையா."

"வெயில்?"

"ஜன்னலோரம்தான். மூணு மணி நேரம் சுள்ளுனு விழும்."

"ஜன்னல் திறந்திருக்குமா?"

"சாத்தித்தான் இருக்கும். தூசி வரும்ல."

மருத்துவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இது என்ன கண்ணாடி?"

அதைக் கேட்டதும் அவருக்குள் இருந்த கடைக்காரர் முழித்துக்கொண்டார். "இது சாதாரணக் கண்ணாடி இல்ல டாக்டர். ரெண்டு தகடு, நடுவுல ஒரு பிளாஸ்டிக் தாள். உடைஞ்சாலும் சிதறாது. துணிக்கடைக்கெல்லாம் நான் இதுதான் போடுவேன். வெளிச்சம் அப்படியே வரும், ஆனா துணிய வெளுக்க வைக்குதே அந்தக் கதிர், அது நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பங்கு உள்ள..."

அதோடு நின்றுவிட்டார். இந்த வாக்கியத்தை அவர் இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரம் தடவை சொல்லி முடித்திருக்கிறார். ஆயிரத்தோராவது தடவை கடைசிச் சொல் தொண்டைக்குள்ளேயே நின்றுகொண்டது.

"சொல்லுங்க சார்" என்றார் மருத்துவர். "உள்ள?"

"வராது."

"அந்தக் கதிர்தான் சார் இதுக்கு வேணும். சூடும் வெளிச்சமும் மட்டும் போதாது. நீங்க எவ்ளோ சுண்ணாம்புச் சத்து குடுத்தாலும் அந்தக் கதிர் மேல பட்டாத்தான் அது எலும்புலயும் ஓட்டுலயும் போய்ச் சேரும். சாதாரண ஜன்னல் கண்ணாடியே பெரும்பாலும் தடுத்துடும். நீங்க ஒண்ணுக்கு ரெண்டாத் தடுத்து வெச்சிருக்கீங்க. நாலு மாசமா இது வெயில்லயே உக்காந்திருக்கு, வெயிலே படல."

கண்ணாடிக்காரரிடம் கடைசியாக ஒரு சாக்கு பாக்கியிருந்தது, அதையும் எடுத்து நீட்டினார். "இலை, கணவாய் ஓட்டுத் தூள் எல்லாம் என் பொண்ணுதான் போடுவா, நடுவுல வாழைப்பழமும் குடுத்துட்டா டாக்டர். அதனால..."

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

"ரெண்டு துண்டு வாழைப்பழத்துல ஓடு மெத்துனு ஆகாது சார். இலையும் தூளும் அந்தப் பொண்ணு ஒழுங்காக் குடுத்திருக்கா போல, அதனாலதான் இன்னும் உயிரோட இருக்கு."

ஊசி போட்டார். நாக்கில் விடச் சொட்டு மருந்து கொடுத்தார். மரப்பெட்டி, மேலே கம்பிவலை, மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்த தரை, ஒளிந்துகொள்ள ஈரப்பாசி வைத்த ஒரு மூலை, தினம் இருபது நிமிடம் திறந்தவெளி வெயில், பக்கத்திலேயே நிழல், மற்ற நேரத்துக்கு அந்த விளக்கு என்று வரிசையாகச் சொன்னார். அலமாரி மேல் மடித்துக் கிடந்த தாளில் இருந்தது அத்தனையும் அதுதான். "பிழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. மூணு வாரம் கழிச்சுக் கொண்டுவாங்க" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் கண்ணாடிக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தெரியாமல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. தெரிந்த விஷயம்! ஊருக்கெல்லாம் தெருவில் நின்று சொல்லி விற்கிற விஷயம். வீட்டுக்குப் போனதும் உடைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் போனார். அதை நான் மறுக்கவில்லை.

மாலையில் சில்லு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"டாக்டர் என்னப்பா சொன்னாங்க? என்னாலதானா? வாழைப்பழத்தாலயா?"

அவள் அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். தையல்காரம்மா வேறு, நலம் விசாரிக்க வந்தவர், நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னலோரம் அந்தக் கண்ணாடி வீடு மாலை வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. நாலு பேர் முன்னால், அந்த வீட்டை வைத்துக்கொண்டு என்னவென்று சொல்வது?

"சத்துக் குறைவாம்" என்றார். பிறகு, "இனிமே பழம் போடாத" என்றார்.

அவ்வளவுதான். பொய்யென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அன்று இரவு தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டார். ஆனால் சில்லுவின் முகம் எப்படிச் சுருங்கியது என்பதைக் கண்ணால் பார்த்தாரா இல்லையா? பார்த்தார். பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

மறுநாளே மரப்பெட்டி செய்தார், வலை அடித்தார், மண் கொண்டுவந்து கொட்டினார், விளக்கு வாங்கி மாட்டினார். "அந்தக் கண்ணாடி வீடு என்னாச்சுங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "காத்தோட்டம் பத்தலையாம்" என்று பூசி மெழுகினார். வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் ஒரு மூலையில் வைத்துச் சாக்கால் மூடினார். கடைச் சுவரில் இருந்த படத்தையும் கழற்றினார்.

சில்லு அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பாட்டுக்கு நோட்டை அம்மாவிடம் கொடுத்து, "நீயே போடும்மா. எனக்கு வளக்கத் தெரியல" என்றாள். பெட்டிக்குப் பக்கத்தில் போவாள், ஆனால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை குனிந்து, "சாரி பொத்தான்" என்று சொல்லுவாள். சாப்பாட்டுக்குப் பிறகு வாழைப்பழம் எடுத்துவைத்தால் தட்டை நகர்த்திவிடுவாள். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் அம்மா, "எதுக்குடி இப்படி இருக்க? தெரியாமக் குடுத்த, விடு" என்றபோது, "தெரியாமன்னா மட்டும் அதுக்கு வலிக்காதா?" என்றாள். கண்ணாடிக்காரர் குனிந்து தண்ணீரைக் குடித்தார்.

பட்டறையிலும் நிம்மதியில்லை. புதிதாக வந்த ஒரு வாடிக்கையாளர், "இந்தக் கண்ணாடி வெயில நல்லாத் தடுக்குமா?" என்று கேட்டார். வழக்கமாக அரைமணி நேரம் வாய் கிழியப் பேசுகிறவர், "தடுக்கும்... ரொம்ப நல்லாத் தடுக்கும்" என்று போலீஸில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் குரலில் சொன்னார். வாடிக்கையாளர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இது போதாதென்று தையல்காரம்மா. கண்ணாடிக்காரர் காலையில் பொத்தானை வாசலில் வெயில் காட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காப்பதைப் பார்த்து, "பிள்ளை செஞ்ச தப்புக்கு அப்பா எவ்வளவு பாடுபடுறாரு பாருங்க" என்று தெருவில் போகிற பெண்ணிடம் சொன்னார். கண்ணாடிக்காரர் அதைக் கேட்டார். பல்லைக் காட்டிச் சிரித்தும் வைத்தார். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அன்று முழுக்கக் கூனிக் குறுகினார்.

சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் நாள் சொல்வதற்கு ஒரு தப்புதான் இருந்தது. இரண்டாம் நாள் இரண்டாகிவிட்டது. ஒரு வாரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு மகள் முன்னால் போய் நிற்கிற தெம்பு அவருக்கு இல்லை. பொத்தான் பிழைத்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று மனதுக்குள் பேரம் பேசிக்கொண்டார்.

பொத்தான் பிழைக்கத்தான் பார்த்தது. பத்தாம் நாள் ஒரு இலையின் ஓரத்தைக் கடித்தது. இரண்டாவது வாரம் முடிவதற்குள் முன்னங்கால்களை ஊன்றி மார்பைத் தூக்கியது. அம்மா கூப்பிட்டுக் காட்டியபோது சில்லு தூரத்திலிருந்தே பார்த்து, "நான் கிட்ட வரலம்மா" என்றாள்.

மூன்று வாரம் முடிந்தது. அன்று பள்ளி விடுமுறை. "நானும் வரேன்ப்பா" என்று சில்லு கிளம்பி நின்றாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. அவள் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே தண்ணீர்க் கிண்ணம், தூள் டப்பா, நோட்டு, வாங்கிய சீட்டு எல்லாம் இருந்தன.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"டாக்டருக்குக் காட்ட."

மருத்துவர் பொத்தானை வாங்கி எடை போட்டு, ஓரத்தை அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே! ஓரம் கெட்டியாக ஆரம்பிச்சிருக்கு. பின்பக்கம் இந்தப் பள்ளம் மட்டும் இப்படியேதான் இருக்கும், அது மாறாது. மத்தபடி பிழைச்சிடும்."

கண்ணாடிக்காரர் மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சை முழுதாக விட்டார். அப்போதுதான் சில்லு துணிப்பையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

"டாக்டர், ஆமைய நல்லா வளக்கத் தெரிஞ்சவங்க யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

"எதுக்கும்மா?"

"அவங்ககிட்ட இதக் குடுத்துடுங்க. அதோட சாமான் எல்லாம் இதுல இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை தண்ணி மாத்தணும்னு சொல்லிடுங்க." பையின் வாரை மடித்து அதன் மேலேயே வைத்தாள். "என்கிட்ட இருந்தா நான் மறுபடியும் ஏதாவது தப்பாக் குடுத்துடுவேன். நான்தான் வாழைப்பழம் குடுத்து இப்படி ஆக்கினேன்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். மெல்லத் தலையைத் திருப்பிக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் மனிதர் ஒரு காரியம் செய்தார். சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மகளுக்குத் தெரியாமல் மருத்துவரைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். சொல்லிவிடாதீர்கள் என்று. மருத்துவர் அதைப் புரிந்துகொண்டார். ஒரு வார்த்தையும் சொல்லாமல் குனிந்து மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை. ஏதோ கெட்டுப்போன பண்டத்தின் வாடையை முகர்ந்தவர்போல ஒரு சுளிப்பு.

கெஞ்சியது பலித்துவிட்டது. இனி யாரும் சொல்லப்போவதில்லை. சில்லு பொத்தானின் பள்ளம் விழுந்த ஓட்டை ஒரே ஒரு விரலால் தடவி, "போய்ட்டு வா" என்றாள்.

"சில்லு" என்றார் கண்ணாடிக்காரர். "உன்னால இல்லம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கட்டின வீட்டாலதான். அந்தக் கண்ணாடி வெயில உள்ள விடாது. அதாவது வெளிச்சம் வரும், அதுக்கு வேண்டியது வராது. வெயில் இல்லாமத்தான் ஓடு இப்படி ஆச்சு. வாழைப்பழத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ குடுத்த இலையும் தூளும்தான் அதக் காப்பாத்தியிருக்கு. டாக்டரே சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

கண்ணாடி விஷயத்தில் மகள் ஒன்றும் கேட்கவில்லை. நேராக, அவருக்கு எப்போது தெரியும் என்பதில் போய் நின்றாள்.

"போன தடவை வந்தப்ப" என்றார் அவர்.

"அன்னிக்கு நான் வாசல்ல நின்னு கேட்டேனே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் தினம் சாரி சொன்னேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்மா." அவருக்குக் கண் கலங்கி மேசை, தராசு, பெட்டி எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. "எனக்கு வெக்கமா இருந்துச்சு. நான்தான் செஞ்சேன்னு சொல்ல வாய் வரல. அப்பா செஞ்சது ரொம்பத் தப்பு."

சில்லு அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. மருத்துவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நானே வளக்கலாமா டாக்டர்?"

"நீதான் வளக்கணும்" என்றார் மருத்துவர். அவர் கண்ணாடிக்காரரைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

சில்லு துணிப்பையைத் தோளில் மாட்டினாள். அவர் அட்டைப்பெட்டியை எடுக்கக் கையை நீட்டினார். "நான் தூக்கிக்கறேன்" என்று அவளே எடுத்துக்கொண்டாள். பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு துணிக்கடை வந்தது, அவர் கண்ணாடி போட்ட கடை. அவர் கீழே குனிந்துகொண்டார்.

வீட்டில் மனைவியிடம் அவரே சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு, "மூணு வாரமா அந்தப் பிள்ளை ஒழுங்கா ஒரு வாய் சாப்பிடல. நீங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டுதானே இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். அக்காவுக்கும் போன் செய்தார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "என்கிட்ட போன்ல அழுதுச்சுடா பிள்ளை. நான் அதுக்குப் புத்தி வேற சொன்னேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். தையல்காரம்மா வீட்டுக்கும் போனார். அங்கே சொல்வதுதான் எல்லாவற்றிலும் சுலபமாக இருந்தது.

மறுநாள் காலையில் வாசலில் சில்லு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பொத்தான் வெயிலில் நாலு காலையும் ஊன்றி, தயங்கித் தயங்கி, மரத்தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டிருந்தது. நோட்டு அவள் பக்கத்தில் திறந்து கிடந்தது. பல நாள் கழித்து அவள் கையெழுத்தில் தேதி எழுதியிருந்தது.

கண்ணாடிக்காரர் பின்பக்கம் போய்ச் செம்பருத்தியில் நல்ல தளிராகப் பார்த்து ஒரு இலை பறித்தார். குழாயடியில் இரண்டு பக்கமும் கழுவி, ஈரம் போக உதறி எடுத்துவந்து நீட்டினார்.

சில்லு வாங்கிக்கொண்டாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"கழுவினியா?"

"கழுவிட்டேம்மா. இப்பதான் கழுவினேன்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து, இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், இன்னொரு தடவை கழுவிக்கொண்டு வந்தாள்.